வலிச்சாத்தான் எலும்பு இறுகும்

என் அக்கா எங்கேயும் விழவில்லை. வழுக்கவில்லை, தடுக்கவில்லை, வண்டி எதுவும் இடிக்கவில்லை. ஆனாலும் அவள் முதுகெலும்பு நொறுங்கியது. கேட்கிறவர்கள் எல்லாரும் "பாத்ரூம்ல வழுக்கிட்டாங்களா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இல்லை ஐயா, இல்லை. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று ஒரு மனிதர் கூடவே இருந்தார். அதுதான் காரணம். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அந்த மனிதர் அக்காவின் கணவர். நான் மாமா என்று கூப்பிடுவேன், ஊர் 'விசில் மாஸ்டர்' என்று கூப்பிடும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் விசில் கழுத்தை விட்டுப் போகவில்லை. "தூங்கும்போதாவது கழட்டுவாரா?" என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். "தலையணைக்கு அடியில வச்சுப்பாரு, கனவுல யாராவது கூன் போட்டா எடுத்து ஊதணுமே" என்பாள்.

அவருக்குக் கூனல் ஆகாது. யாரைப் பார்த்தாலும் முதலில் முதுகைத்தான் பார்ப்பார். சாவு வீட்டில் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்த ஒருவரின் முதுகில் தட்டி "நிமிர்ந்து உக்காருங்க, மூச்சு நல்லா வரும்" என்று சொன்னவர். அந்த ஆளும் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படி ஒரு குரல் மாமாவுக்கு. எதிர்த்துப் பேச நினைப்பதற்குள் உடம்பு கீழ்ப்படிந்துவிடும்.

அக்கா ஒரு பெரிய தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து, வருகிற அழைப்புகளை மாற்றிக் கொடுக்கிற வேலை. விடியும் முன்னே போவாள், இருட்டிய பிறகு வருவாள். விடுமுறை நாளில் மட்டும்தான் வெயில் அவள்மேல் படும். அத்தனை வருஷமும் காதில் ஒரு கருவி, எதிரே மினுக்கு மினுக்கென்று விளக்குகள், கீழே சக்கரம் வைத்த நாற்காலி. தண்ணீர் குடிக்க எழுந்திருப்பதற்குக்கூட யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். உள்ளே இருந்த யாருக்கும் அவள் முகம் தெரியாது, குரல் மட்டும் எல்லாருக்கும் தெரியும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவள் பண்ணாத சேட்டை இல்லை. வீட்டுக்கு வந்து மேனேஜர் மாதிரி, மேனேஜரின் மனைவி மாதிரி, அவர்கள் இரண்டு பேரும் போனிலேயே சண்டை போடுகிற மாதிரிப் பேசிக் காட்டுவாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். மாமா சிரிக்க மாட்டார். "பேசுறப்ப கழுத்தை ஏன் முன்னாடி நீட்டுற?" என்பார்.

பிள்ளை குட்டி இல்லை. ஓய்வு பெற்ற பிறகு மாமாவுக்கு மிச்சம் இருந்த ஒரே மாணவி அக்காதான்.

அவளும் வேலையை விட்டு வந்த கொஞ்ச நாளில், பொதுமண்டபத்தில் முதியவர்களுக்காக ஒரு கூட்டம் போட்டார்கள். சின்ன வயசு டாக்டர் பெண் ஒருத்தி வந்து எலும்பைப் பற்றிப் பேசினாள். நானும் போயிருந்தேன். அந்தப் பெண் தெளிவாகத்தான் சொன்னாள். "வயசானா எலும்பு உள்ளுக்குள்ள மெலிஞ்சுக்கிட்டே வரும், வெளியில தெரியாது. சும்மா உக்காந்தே இருந்தா இன்னும் சீக்கிரம் மெலியும். அதனால நடங்க" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். மாமா அந்த 'நடங்க' வரைக்கும் கேட்டார். அதோடு எழுந்து, மண்டபத்தின் பின்பக்கம் போய், யார் யார் நாளைக்குக் காலையில் வருகிறீர்கள் என்று ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். மிச்சத்தை நாங்கள்தான் கேட்டோம். நடை மட்டும் போதாது, தசைக்கும் பயிற்சி வேண்டும், எலும்பு எவ்வளவு திடமாக இருக்கிறது என்று ஒரு தடவை சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், முதுகில் திடீரென்று வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்காதீர்கள், உடனே வந்து காட்டுங்கள் என்றாள். வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா மெதுவாக, "டெஸ்ட் எடுத்துக்கச் சொன்னாங்களே" என்றாள். "நல்லா இருக்கிற உடம்புக்கு எதுக்கு டெஸ்ட்டு? நாளைக்கு ஷூவை எடுத்து மாட்டு" என்றார் மாமா.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் அந்த நடை அவளுக்கு அமிர்தமாக இருந்தது. நான் வேலை பார்க்கிற ரொட்டிக்கடை பூங்கா வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. சூடான தட்டுகளை அடுக்கில் இருந்து இழுத்து, ரொட்டியை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டே கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். மாமா முன்னே, அவருக்குப் பின்னே ஓய்வு பெற்ற கூட்டம், நடுவில் என் அக்கா. முகத்தில் வெயில் அடிக்க, கன்னம் சிவக்க, பக்கத்தில் வருகிறவர்களுக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டே போவாள். முடித்துவிட்டுக் கடைக்குள் வந்து, "அடியே, எனக்கு இவ்வளவு நீளக் கால் இருக்குன்னு இத்தனை வருஷம் யாருமே சொல்லலையே!" என்றாள். ஜன்னல் இல்லாத அறையில் இருந்து இப்போதுதான் வெளியே வந்தவள் மாதிரி இருந்தாள். அப்போது மாமாவைக் கும்பிடக்கூடத் தோன்றியது எனக்கு.

பிறகு ஒரு நாள் மெத்தையைத் திருப்பிப் போடுகிறேன் என்று தூக்கியிருக்கிறாள். நடு முதுகில் சுளீர் என்று ஏதோ பிடித்துக்கொண்டது. அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். மாமா வந்து பார்த்தார். அத்தனை வருஷம் பையன்களின் சுளுக்கை எடுத்தவர் இல்லையா? விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "தசைப் பிடிப்பு. படுத்தா இறுகிடும், நடந்தா விட்டுடும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அவள் பூங்காவில் இருந்தாள்.

அன்றிலிருந்து கண்ணாடி வழியாக நான் வேறு ஒருத்தியைப் பார்த்தேன். கூட்டத்தின் நடுவில் இருந்தவள் கடைசிக்குப் போனாள். சிரிப்பு போனது. பிறகு கடைசி ஆளுக்கும் பின்னால், ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வந்தாள். மேல் முதுகு முன்பக்கம் வளைந்திருந்தது. மாமா திரும்பிப் பார்த்து விசில் ஊதுவார். "நிமிரு! தரையில என்ன காசா கொட்டிக் கிடக்கு?" கூட்டம் சிரிக்கும். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

"வலிக்குதாக்கா?" என்று கேட்டேன், கடைக்குள் அவள் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது.

"வலிக்காம? பழுக்கக் காய்ச்சின கம்பியைச் சொருகின மாதிரி இருக்கு."

"மாமாகிட்ட சொன்னியா?"

"தினமும்தான் சொல்றேன். வலிச்சாத்தான் எலும்பு இறுகும், வலிக்கலைன்னாதான் பயப்படணும்னு சொல்றாரு."

"அவருக்குப் பைத்தியம். வா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"உனக்கு மூக்கு மேல கோபம். நல்லதுக்குத்தானே சொல்றாரு? அவருக்குத் தெரியாததா?" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பொறுக்க மாட்டாமல் ஒரு மத்தியானம் கடையை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் அக்கா சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். குதிகால், இடுப்பு, தோள், பின்னந்தலை எல்லாம் சுவரில் படவேண்டுமாம். கூன் போக மாமா கண்டுபிடித்த வைத்தியம். குதிகால் பட்டது, இடுப்பு பட்டது. தலை படவில்லை. எவ்வளவு முயன்றாலும் படவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் தண்ணீர் நின்றது. மாமா எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சுவரில் சிவப்பு நாடா ஒன்று ஒட்டியிருந்தது. நடக்க ஆரம்பித்த புதிதில் அவள் உச்சந்தலை இருந்த உயரம் அது. இப்போது நாடாவுக்கும் அவள் தலைக்கும் நடுவில் என் உள்ளங்கையே புகும்.

"மாமா, அக்கா குட்டையாயிட்டா."

"முழங்காலை மடக்கிட்டு நிக்கிறா. சோம்பேறித்தனம்."

"மடக்கலையே! நேராத்தானே நிக்கிறா, கண்ணைத் திறந்து பாருங்க!"

"தேஞ்சு போறதுக்கு அவ என்ன சோப்பா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் முகம் மாறியது. "சின்னவளே, நான் எத்தனை பசங்களை நிமிர்த்தி விட்டிருக்கேன் தெரியுமா? ரொட்டி விக்கிறவ வந்து எனக்கு உடம்பைப் பத்திப் பாடம் எடுக்கிறியா?"

எனக்கு வந்ததே கோபம். "பசங்க எலும்பும் இவ எலும்பும் ஒண்ணா? அந்த டாக்டர் பொண்ணு சொன்னதுல பாதியைக் கேட்டுட்டு எந்திரிச்சு ஓடினீங்களே, மீதிப் பாதி என்னன்னு தெரியுமா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க. ஒண்ணும் இல்லைன்னு சொன்னா நானே வந்து இவளைச் சுவத்துல சாய்ச்சு நிறுத்துறேன்" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும் என்று இன்னும் கத்தினேன்.

அக்கா சுவரை விட்டு வரவே இல்லை. அங்கே நின்றபடியே, "நீ கெளம்பு. எங்களுக்குள்ள சண்டை மூட்டாதே" என்றாள்.

என்னத்தைச் சொல்ல! யாருக்காக வாய் கிழியக் கத்தினேனோ அவளே வாசலைக் காட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சில வாரம் பேசவில்லை. கண்ணாடி வழியாகப் பார்ப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

அப்புறம் முதியோர் நடைப் பேரணி வந்தது. நகரசபை ஏற்பாடு. முன்னால் துணியில் 'நடப்போம், எலும்பைக் காப்போம்' என்று எழுதி இரண்டு பேர் பிடித்துக்கொண்டு போகவேண்டும். யார் அந்த இரண்டு பேர்? விசில் மாஸ்டரும் அவர் மனைவியும்தான். ஊருக்கே முன்மாதிரி தம்பதி ஆயிற்றே! அக்கா அந்தத் துணியைப் பிடித்தபடி என் கடைக்கு எதிரே வந்தாள். மாமா பக்கம் துணி உயரமாகவும் அக்கா பக்கம் தாழ்ந்தும் சாய்ந்து வந்தது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, "தூக்கு, தூக்கு" என்று முணுமுணுப்பது வாயசைவிலேயே தெரிந்தது.

கடை வாசலுக்கு நேரே வந்தபோது அக்கா தும்மினாள். ஒரே ஒரு தும்மல். அவ்வளவுதான். துணியை விட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி, சத்தமே வராமல் தரையில் உட்கார்ந்தாள். பின்னால் வந்த கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது. அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? விசிலை எடுத்து ஊதினார். "எந்திரி, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். நான் மாவுக் கையோடு ஓடினேன். தூக்கப் போன என் கையைப் பிடித்து, "தொடாதே, தொடாதே" என்றாள் அக்கா. அத்தனை நடிப்புக் குரல் வைத்திருந்தவள், அன்று எந்தக் குரலிலும் பேசவில்லை. மூச்சில் பேசினாள். கடை வண்டியில் பலகை போட்டு, படுக்க வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்து எங்களைக் கூப்பிட்டார். முதுகெலும்பு செங்கல் அடுக்கின மாதிரி இருக்கும், இவளுக்கு அதில் சில செங்கல் நசுங்கிப்போயிருக்கிறது என்று விளக்கினார். "இது இன்னைக்கு ஆனது. தும்மினாலே ஒடியற அளவுக்கு எலும்பு மெலிஞ்சு போச்சு. ஆனா இதுவும், மேல இருக்கிற இதுவும் பழசு. மாசக்கணக்கு இருக்கும். முதல்ல ஒண்ணு ஒடிஞ்சப்பவே வந்திருந்தா, மருந்து கொடுத்து அடுத்தது ஒடியாமத் தடுக்கப் பாத்திருக்கலாம். உயரம் குறைஞ்சதும் கூன் விழுந்ததும் இதனாலதான். இனிமே அது நிமிராது." படத்தையே பார்த்துவிட்டு, "இந்த வலியோட இவங்க எப்படித்தான் இத்தனை நாள் நடந்தாங்க?" என்று கேட்டார்.

"நான்தான் டாக்டர் நடக்க வச்சேன். ஒரு நாள் விடலை" என்றார் மாமா.

பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் டாக்டர் தன்னை எப்படிப் பார்க்கிறார் என்பது அவருக்கு உறைத்தது. நான் வாயைத் திறந்திருந்தால் ஆஸ்பத்திரியே கூடியிருக்கும்.

இடுப்பில் இருந்து நெஞ்சு வரைக்கும் பட்டை கட்டி, மருந்து கொடுத்து, அக்காவைப் படுக்க வைத்தார்கள். அதிலும் ஒரு கொடுமை இருந்தது. ரொம்ப நாள் படுத்தே கிடந்தாலும் எலும்பு இன்னும் மெலியுமாம். அதனால் அவள் மறுபடி நடந்தே ஆக வேண்டும். மெதுவாக, பிடித்துக்கொண்டு, அவள் உடம்பு தாங்குகிற அளவுக்கு. அந்த அளவு என்ன என்று அவள்தான் சொல்ல வேண்டும். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று அவள் வாயைத் திறந்து சொன்னால்தான் மேற்கொண்டு பிழைப்பாள்.

பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். மாமா கட்டிலின் கால்மாட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்தப் பெண் அக்காவை மெல்ல எழுப்பி, ஊன்றி நடக்கிற நாலு கால் சட்டத்தைப் பிடிக்க வைத்து, ஒரு அடி எடுத்து வைக்கச் சொன்னாள். அக்கா வைத்தாள். இன்னொன்று. நெற்றியில் வியர்வை ஊற்றியது.

"வலிக்குதாம்மா?"

"இல்ல" என்றாள் அக்கா.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. வலிச்சா நிறுத்திடலாம்."

"இல்லைம்மா. வலிக்கலை. நடக்கறேன்." சட்டத்தைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கண் கால்மாட்டுப் பக்கம் போய்ப் போய் வந்தது.

அந்தப் பெண் கெட்டிக்காரி. அக்கா பார்த்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க" என்றாள். மாமா ஒரு நொடி நின்றார். அவரை யாரும் அப்படி வெளியே அனுப்பியதில்லை. போய், அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அறைக்குக் கதவு இல்லை, ஒரு துணித் திரைதான்.

"இப்ப சொல்லுங்க."

"சொன்னா நிறுத்திடுவியா?" என்று கேட்டாள் என் அக்கா. "நிஜமாவா?"

"உடனே நிறுத்திடுவேன்."

"வலிக்குது" என்றாள். அந்தப் பெண் உடனே அவளைத் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். நின்றுவிட்டது. ஒரு வார்த்தை சொன்னாள், நின்றுவிட்டது. அதை நம்ப முடியாதவள் போல அக்கா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். மெத்தையைத் தூக்கிய நாளில் இருந்து ஆரம்பித்தாள். எங்கே முதலில் பிடித்தது, ராத்திரி புரண்டு படுக்க முடியாமல் எப்படி விழித்திருந்தாள், சுவரில் நின்றபோது கண் எப்படி இருட்டிக்கொண்டு வந்தது, எத்தனை தடவை கெஞ்சினாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. முகம் அந்தப் பெண்ணைப் பார்த்திருந்தது, பேச்சு திரைக்கு அந்தப் பக்கம் போனது. "ஒரு நாளாவது உக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்று கேட்டாள்.

மாமா கேட்கட்டும், காது குளிரக் கேட்கட்டும் என்று நான் போய்த் திரையை நன்றாக விலக்கிவிட்டேன்.

பெஞ்சு காலியாக இருந்தது. நீண்ட நடைபாதையின் கடைசியில், வெளி வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் போய்க்கொண்டிருந்தார்.

திரையை மறுபடி இழுத்து மூடினேன். அக்காவிடம் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துத்தான் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.